பெரிய குழாய், சின்ன பம்பு - இரண்டு தொழிற்சாலைகளின் கதை

எங்க ஆபீஸ்ல ஏப்ரல் மாசத்துலயும் பாதிப் பேர் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுதான் பொட்டி தட்டுவோம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே ஊட்டி. இந்த லட்சணத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் மெயில் வந்தது. "பசுமைக் குழு" ஆரம்பிக்கிறோம், கரியமில வாயுவைக் குறைக்கப் போறோம், ஆர்வமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். நானும் கொடுத்தேன். (வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒரு மணி நேரம் ஆணி புடுங்க வேண்டாம் என்பது தவிர வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.)

குழு கூடியது. லிஃப்ட் பக்கத்தில் போஸ்டர் ஒட்டினோம். பேப்பர் கப்பை எடுத்துவிட்டு ஆளுக்கொரு பீங்கான் கப் கொடுத்தோம். மரக்கன்று நட்டு போட்டோ எடுத்தோம். டேமேஜர் கையால் ஒரு பாராட்டு மெயிலும் வந்தது. சுபம்.

அப்புறம் ஒரு நாள் டீக்கடையில் எங்க கட்டிடத்தின் ஏசி பிளான்ட் ஆபரேட்டர் அண்ணனோடு பேசிக்கிட்டு இருந்தேன். பேச்சுவாக்கில் சொன்னார்.

"நாலாவது மாடி காலியாகி எட்டு மாசம் ஆச்சு சார். இன்னும் காலைல ஏழு மணிக்கு அங்க ஏசி ஓட ஆரம்பிச்சிடுது. ஞாயித்துக்கிழமைகூட."

"ஏண்ணே, யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலையே சார்."

அந்த பதில் ரொம்ப நாள் மண்டைக்குள் ஓடிக்கிட்டே இருந்தது. வேலை செய்யும் இடத்தில் எரிசக்தியைக் குறைக்கணும்னு உலகத்தில் யார் யார் முயற்சி பண்ணாங்க, எது பலிச்சது, எது புட்டுக்கிச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அதில் இரண்டு கதைகள் மனசில் ஒட்டிக்கிச்சு. இரண்டுமே அமெரிக்காவின் தென்பகுதி. ஒன்று கெமிக்கல் ஆலை, இன்னொன்று கார்ப்பெட் கம்பெனி. இரண்டிலும் ஒரே யோசனைதான் வேலை செஞ்சது. ஆனா ஒன்று நின்னு போச்சு, இன்னொன்று நிலைச்சுது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

கென் நெல்சனின் போட்டி

1973லும் 1979லும் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியது. பெட்ரோல் போடுகிறவர்களை விடவும் பெரிய அடி கெமிக்கல் கம்பெனிகளுக்கு. அவங்களுக்கு எண்ணெயும் எரிவாயுவும்தான் கச்சாப்பொருள், அதேதான் எரிபொருளும். டௌ கெமிக்கலுக்கு லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், பிளாக்மின் என்ற ஊரில் ஒரு பெரிய வளாகம். இருபதுக்கும் மேற்பட்ட ஆலைகள், சுமார் 2,400 பேர் வேலை. அங்கே எரிசக்தி விஷயங்களைப் பார்த்துக்கொண்டவர் கென் நெல்சன் என்ற பொறியாளர்.

1982ல் அவர் ஒரு போட்டி அறிவித்தார். எரிசக்தியை மிச்சம் பிடிக்க ஐடியா கொடுங்க. செலவு 2 லட்சம் டாலருக்குள் இருக்கணும், போட்ட காசு ஒரு வருஷத்துக்குள் திரும்பி வரணும். ஐடியா மேலிடத்திலிருந்து வர வேண்டியதில்லை, ஆலைக்குள் வேலை செய்கிற யார் வேணும்னாலும் கொடுக்கலாம். போட்டி அவ்வளவுதான்.

இந்த மாதிரி ஆலையில் எரிசக்தி எங்கே ஒழுகும்னு கொஞ்சம் சொல்லிடறேன். எங்கு பார்த்தாலும் நீராவிக் குழாய்கள். நீராவியிலிருந்து தண்ணீரைப் பிரித்து விடுகிற சின்ன வால்வு ஒன்று பழுதானால் நீராவி பாட்டுக்கு வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் ஒரு திரவத்தைச் சூடு பண்ணுவாங்க, பத்தடி தள்ளி இன்னொரு திரவத்தைக் குளிர வைப்பாங்க. இதன் சூட்டை அதுக்குக் கொடுத்தா இரண்டு செலவும் மிச்சம். தேவைக்கு மேல் ஓடுகிற பம்பு, உறை கிழிந்த குழாய்... பட்டியல் போய்க்கிட்டே இருக்கும். இதெல்லாம் கான்ஃபரன்ஸ் ரூமில் உட்கார்ந்தால் தெரியாது. ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் அந்தக் குழாய்க்குக் கீழே நடக்கிறவருக்குத் தெரியும். ஆனால் நம்ம அண்ணன் சொன்ன மாதிரி, யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

முதல் வருஷம் 27 ஐடியாக்கள் தேறின. மொத்த முதலீடு 17 லட்சம் டாலர். வருமானம், சராசரியாக வருஷத்துக்கு 173 சதவீதம். அதாவது 100 ரூபாய் போட்டால் ஒவ்வொரு வருஷமும் 173 ரூபாய் மிச்சம். எந்த சிட் ஃபண்டும் இப்படிக் கொடுக்காது (கொடுக்கிறேன்னு சொன்னா ஓடிடுங்க).

நெல்சன் உட்பட பலரும் நினைச்சது என்னன்னா, நல்ல ஐடியா எல்லாம் தீர்ந்துடுச்சு, இனிமே இப்படி வராது. அடுத்த வருஷம் 32 ஐடியாக்கள், 22 லட்சம் டாலர், வருமானம் 340 சதவீதம்! அதுக்கப்புறம் விதிகளைத் தளர்த்தினாங்க, பெரிய முதலீட்டையும் அனுமதிச்சாங்க. ஒவ்வொரு வருஷமும் "இதோட முடிஞ்சுது"ன்னு ஒரு குரல் கேட்கும், ஒவ்வொரு வருஷமும் புதுசா ஐடியா வரும். 12 வருஷத்தில் கிட்டத்தட்ட 900 திட்டங்கள் நிறைவேறின.

எனக்குப் பிடிச்ச இடம் இனிமேதான். நெல்சன் சும்மா "இவ்வளவு மிச்சமாகும்"னு சொன்னதோட நிறுத்தலை. 575 திட்டங்களை, செஞ்சு முடிச்ச பிறகு, நிஜமாவே மிச்சம் ஆச்சான்னு தணிக்கை பண்ணினாங்க. முன்கூட்டியே போட்ட கணக்கு சராசரியாக 202 சதவீதம், நிஜத்தில் வந்தது 204 சதவீதம். நம்ம ப்ராஜெக்ட் எஸ்டிமேட்டை நினைச்சுப் பாருங்க, அழுகையா வரும் :-( மொத்த மிச்சம் வருஷத்துக்கு 11 கோடி டாலர்.

அந்தக் காலத்தில் இதை யாரும் கரியமில வாயுக் கணக்காகப் போடலை. ஆனால் எரிக்காத எரிவாயு ஒவ்வொன்றும் வானத்துக்குப் போகாத கரியமில வாயுதான். காசுக்காகப் பண்ணினது பூமிக்கும் நல்லதாப் போச்சு.

1993ல் நெல்சன் ஓய்வு பெற்றார். போட்டி அதோட நின்னு போச்சு.

அப்ப ஐடியா தீர்ந்துடுச்சான்னா, தீரலை. நஷ்டம் வந்துச்சான்னா, அதுவும் இல்லை. கேட்டுக்கிட்டிருந்த மனுஷன் வீட்டுக்குப் போயிட்டார். அவ்வளவுதான். 12 வருஷம், 900 திட்டம், எல்லாம் ஒரு ஆளின் ஆர்வத்தில் தொங்கிக்கிட்டிருந்திருக்கு. படிச்சதும் வயித்தைப் பிசைஞ்சுது.

ரே ஆண்டர்சனுக்கு வந்த கேள்வி

நெல்சன் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், 1994. ஜார்ஜியா மாநிலம். இன்டர்ஃபேஸ் என்ற கம்பெனி. ஆபீஸ் தரையில் சதுரம் சதுரமாக ஒட்டுகிற கார்ப்பெட் பார்த்திருப்பீங்களே, அதுதான் இவங்க தொழில். லாக்ரேஞ்ச் என்ற சின்ன ஊரில் 1973ல் ஆரம்பித்தவர் ரே ஆண்டர்சன். ஜார்ஜியா டெக்கில் படித்த இன்டஸ்ட்ரியல் இன்ஜினியர். நம்ம ஆளு!

அந்தக் கார்ப்பெட் முழுக்க எண்ணெயிலிருந்து வருவது. நூல் நைலான், அடிப்பகுதி பிளாஸ்டிக், மிஷினை ஓட்டுவதும் எரிபொருள். அந்த வருஷம் வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள், "சுற்றுச்சூழலுக்கு உங்க கம்பெனி என்ன செய்யுது?" பதில் இல்லை. ஒரு குழு போட்டாங்க (அங்கேயும் குழு!). நீங்க வந்து உங்க தொலைநோக்கைப் பேசணும்னு முதலாளியைக் கூப்பிட்டாங்க. ஆண்டர்சனிடம் சட்டத்துக்குக் கட்டுப்படுவோம் என்பதைத் தாண்டி எந்த நோக்கும் இல்லை. இதை அவரே பிற்காலத்தில் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார். அந்தச் சமயத்தில் பால் ஹாக்கன் எழுதிய "தி ஈகாலஜி ஆஃப் காமர்ஸ்" புத்தகம் கைக்கு வந்தது. படித்தவர் ஆடிப்போய்விட்டார். 1994 ஆகஸ்ட் 31 அன்று அந்தக் குழு முன்னால் பேசினார். அப்போது அவருக்கு 60 வயது. ரிட்டயர்மென்ட் பார்ட்டிக்குத் தேதி பார்க்கிற வயசு.

நல்ல பேச்சு எல்லா முதலாளியும் பேசுவாங்க. ஆண்டர்சன் அதுக்கப்புறம் செஞ்சதில் நான் கவனிச்சது மூணு.

ஒன்று, 1995ல் குவெஸ்ட் என்று ஒரு திட்டம். ஊழியர்களின் யோசனைகளை வைத்து, குழு குழுவாகச் சேர்ந்து வேஸ்ட்டை ஒழிப்பது. இதில் "வேஸ்ட்" என்பதற்கு விளக்கம் கறாரானது. வாடிக்கையாளருக்கு மதிப்பு சேர்க்காத எந்தச் செலவும் வேஸ்ட். துண்டு நூலும் வேஸ்ட், தவறாகப் போட்ட பில்லும் வேஸ்ட். நெல்சனின் அதே யோசனைதான், கீழே நிக்கிறவரைக் கேள்.

இரண்டு, அளவு. 1996ஐ அடிப்படை வருஷமாக வைத்து எரிசக்தி, தண்ணீர், குப்பை, பசுமைக்குடில் வாயு எல்லாத்தையும் எண்ண ஆரம்பித்தார்கள். வருஷா வருஷம் வெளியிட்டார்கள்.

மூன்று, தேதி. "மிஷன் ஜீரோ" என்று பெயர் வைத்து, 2020க்குள் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கெடுதலைப் பூஜ்யம் ஆக்குவோம் என்று ஊரறியச் சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகு பின்வாங்கினால் மானம் போகும்.

வேஸ்ட் ஒழிப்பில் மட்டும் 40 கோடி டாலருக்கு மேல் மிச்சம் என்று 2009ல் ஒரு மேடையில் ஆண்டர்சன் சொன்னார். மற்ற மாற்றங்களுக்கான செலவை அந்தக் காசே தாங்கிக்கொண்டது. லாக்ரேஞ்ச் ஊர் குப்பைமேட்டிலிருந்து கிளம்பும் மீத்தேனைப் பிடித்து, குழாய் போட்டு, ஆலைக்கு எரிபொருளாகக் கொண்டு வந்தார்கள். மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு மோசமான ஆசாமி. அது காற்றில் கலப்பதும் நின்றது, புது எரிவாயு வாங்குவதும் குறைந்தது.

ஷாங்காய் குழாய்

இன்ஜினியரிங் படிச்சவங்க இந்தப் பகுதியைத் தவற விடாதீங்க.

1997ல் இன்டர்ஃபேஸ் ஷாங்காயில் ஒரு ஆலை கட்டத் திட்டமிட்டது. அதில் சூடான திரவத்தைச் சுற்ற வைக்கிற ஒரு பகுதி. பேர் பெற்ற நிபுணர்கள் போட்ட டிசைனில் பம்புகளுக்கு மொத்தம் 95 குதிரைத்திறன் வேண்டும். இன்டர்ஃபேஸின் பொறியாளர் யான் ஸ்கில்ஹாம் அதைத் திரும்பப் போட்டார். எவ்வளவு வந்தது தெரியுமா? 7 குதிரைத்திறன். சுமார் 92 சதவீதம் குறைவு. புது மிஷின் கண்டுபிடிக்கலை, புது உலோகம் இல்லை. இரண்டே இரண்டு மாற்றம்.

முதல் மாற்றம், குழாயைத் தடியாக்கினார். ஒரே அளவு திரவம் போகும்போது, உராய்வினால் வரும் அழுத்த இழப்பு குழாயின் விட்டத்துக்கு ஏறக்குறைய ஐந்தாம் அடுக்கில் தலைகீழாக மாறும். விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் இழப்பு 32ல் ஒரு பங்கு. செகண்ட் இயர் புளூயிட் மெக்கானிக்ஸ்! எல்லோரும் மனப்பாடம் பண்ணி, எழுதி, மறந்தது. அப்புறம் ஏன் எல்லோரும் ஒல்லிக் குழாய் போட்டாங்க? தடிக் குழாய் விலை அதிகம், அந்த அதிக விலையை பம்பின் கரண்ட் பில்லோடு மட்டும் ஒப்பிட்டார்கள். குழாய் தடியானால் பம்பு, மோட்டார் எல்லாமே சின்னதாகும், அவற்றின் விலையும் குறையும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தால் கட்டும் செலவே குறைந்தது.

இரண்டாவது மாற்றம் இன்னும் எளிது. வழக்கமாக மிஷின்களை எல்லாம் வைத்துவிட்டு, அப்புறம் குழாயை வளைச்சு வளைச்சு இழுப்பாங்க. (டேபிளை எல்லாம் டிசைன் பண்ணிட்டு அப்புறம் பதினாறு ஜாயின் போட்டுச் சாகிற மாதிரி.) இவர் முதலில் குழாயை நேராகப் போட்டார், அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி மிஷினை வைத்தார். வளைவு குறைந்தால் உராய்வும் குறைவு. குழாய் நேராக இருந்ததால் வெப்ப உறை சுற்றுவதும் சுலபமாகி, வீணாகப் போகும் சூடும் மிச்சமானது.

டௌ கதையும் இந்தக் குழாய் கதையும் 1999ல் வந்த "நேச்சுரல் கேப்பிடலிசம்" புத்தகத்தில் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்து படிச்சப்போ எனக்குத் தோணினது, 95 குதிரைத்திறன் டிசைன் போட்டவர்கள் முட்டாள்கள் கிடையாது. போன தடவை எப்படிப் போட்டோமோ அப்படியே இந்தத் தடவையும் போட்டார்கள். நம்ம கோடிங்கும் பெரும்பாலும் அப்படித்தானே, காப்பி பேஸ்ட்!

ஆள் போன பிறகு

2001ல் ஆண்டர்சன் தலைமைப் பொறுப்பைக் கைமாற்றினார். 2011 ஆகஸ்டில் புற்றுநோயில் இறந்தார். நெல்சன் கதை மாதிரி இங்கேயும் கடை மூடியிருக்கணும். மூடலை. 2019ல், கெடுவுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே, மிஷன் ஜீரோ நிறைவேறியதாக அறிவித்தார்கள். ஆலைகளின் பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் 1996ஐ விட 96 சதவீதம் குறைவு என்பது கம்பெனியின் கணக்கு.

உடனே விசில் அடிக்க வேண்டாம். அந்த 96ல் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்கியதாகக் காட்டும் சான்றிதழ்களுக்கும் பங்கு உண்டு, எல்லாமே ஆலைக்குள் குறைந்தது என்று அர்த்தமில்லை. அதைவிடப் பெரிய விஷயம், ஒரு கார்ப்பெட்டின் வாயுக் கணக்கில் பெரும்பகுதி அதன் கச்சாப்பொருள், முக்கியமாக நைலான் நூல். அது வேறு கம்பெனியின் ஆலையில் தயாராகிறது. வேலிக்குள் மட்டும் எண்ணினால் நூல் கணக்கில் வராது. இதை இன்டர்ஃபேஸும் உணர்ந்துதான் மறுசுழற்சி நைலானுக்குப் போனது. 2012ல் பிலிப்பைன்ஸ் மீனவக் கிராமங்களில், தூக்கிப் போட்ட பழைய நைலான் வலைகளை மீனவர்களிடமே காசு கொடுத்து வாங்கி நூலாக்கும் திட்டம் தொடங்கியது. எண்ணுகிற எல்லையைத் தள்ளி வைக்க வைக்க, செய்ய வேண்டிய வேலையும் கூடிக்கிட்டே போகுது.

ஆக, இரண்டு இடத்திலும் மனுஷங்க கெட்டிக்காரங்கதான், யோசனையும் ஒன்றுதான். நெல்சனின் கேள்வி நெல்சனிடம் இருந்தது. ஆண்டர்சனின் கேள்வி ஆலையின் வேலை முறையிலும், வருஷாந்திரக் கணக்கிலும், ஊரறிந்த ஒரு தேதியிலும் இருந்தது. அதனால் அவர் போன பிறகும் யாராவது ஒருத்தர் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகணும்.

நம்ம நாட்டிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஸ்டார் முத்திரை உள்ள ரூம் ஏசிகள் ஆன் செய்யும்போது 24 டிகிரியில்தான் தொடங்கணும் என்று 2020 ஜனவரி 1 முதல் விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தி சிக்கன அமைப்பின் கணக்கு. 18க்கு இறக்க யாரும் தடை போடலை. ஆனால் சும்மா விட்டால் 24. போஸ்டர் ஒட்டி யாருக்கும் புத்தி சொல்ல வேண்டியதில்லை.

மறுபடியும் நாலாவது மாடி

அண்ணன் சொன்னதை நான் பசுமைக் குழுவில் சொன்னேன். மெயில் மேல மெயில் போட்டு, மூணு வாரத்தில் நாலாவது மாடி ஏசியை நிறுத்தினாங்க. அண்ணன் என்னைப் பார்த்து, "பரவால்ல சார், சொன்னா கேக்கறாங்க"ன்னார். எனக்கு ஏதோ நோபல் பரிசு வாங்கின மாதிரி இருந்தது.

ஆறு மாசம் கழிச்சு காண்ட்ராக்ட் மாறியது. அண்ணன் வேற கட்டிடத்துக்குப் போயிட்டார். புதுசா வந்தவங்க கண்ட்ரோல் பேனலைப் பழைய செட்டிங்குக்கே மாத்திட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை ரிலீஸ் வேலைக்காகப் போனப்போ லிஃப்ட் தப்பா நாலாவது மாடியில் திறந்தது. ஆள் அரவமே இல்லாத இருட்டு ஹாலில் ஜில்லுனு காத்து.

தப்பு யார் மேலன்னு யோசிச்சா, என் மேலயும்தான். நான் ஏசியை நிறுத்தச் சொன்னேன். எந்த மாடி காலின்னு மாசா மாசம் யாராவது பார்க்கணும்னு கேட்கலை. நெல்சனாவது 12 வருஷம் தாக்குப் பிடிச்சார், நான் ஆறு மாசம் :-)

இப்போ மாசாந்திர மீட்டிங் அஜெண்டாவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கேன்: காலியாக இருக்கும் மாடிகள் எவை, அங்கே ஏசி ஓடுகிறதா, ஆபரேட்டர் என்ன சொல்கிறார். மூணாவது கேள்விதான் முக்கியம், அதைத்தான் இரண்டு தடவை அடிச்சுட்டாங்க. மூணாவது தடவையும் அனுப்பியிருக்கேன்.

நீங்களும் நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க கட்டிடத்து ஏசி ஆபரேட்டரையோ, எலெக்ட்ரீஷியனையோ, ராத்திரி செக்யூரிட்டியையோ ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்க: "இங்க எது அண்ணே சும்மாவே ஓடிக்கிட்டிருக்கு?" என்ன பதில் வந்ததுன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க.

டிஸ்கி: பீங்கான் கப் நல்ல விஷயம்தான். என்னுது போன வாரம் உடைஞ்சு போச்சு.